எடையா, எண்ணா? தனிமங்களின் அணுவைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

ஒரு தனிமத்தின் குணங்கள் யாவற்றையும் குறைவறத் தன்னிடத்தே கொண்ட மிகச் சிறிய கூறு எதுவோ அதுவே அணு என்று பள்ளிப் பாடநூல்கள் இலக்கணம் வகுக்கின்றன. இளமையிலேயே மனப்பாடம் செய்துவிட்ட காரணத்தால், இதில் ஐயுறத்தக்கது ஏதுமில்லை என்றே நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆயினும், பொன் என்னும் தனிமத்தை எடுத்துக்கொண்டு, அதன் மஞ்சள் ஒளியையும், தட்டத் தட்டத் தகடாக விரிந்து கொடுக்கும் இயல்பையும், 1064 பாகை சென்டிகிரேடில் உருகும் தன்மையையும் ஒவ்வொன்றாக விசாரிக்கப் புகுந்தால், இவற்றுள் ஒன்றேனும் தனித்து நிற்கும் ஒரு பொன்னணுவுக்கு உரியதன்று என்பதும், அவையெல்லாம் கோடானுகோடி அணுக்கள் நெருங்கிக் கூடிய திரளுக்கே உரியன என்பதும் விளங்கும். வைரத்தின் கடினமும் பென்சில் கரியின் மென்மையும் ஒரே கார்பன் அணுவினின்றும் பிறப்பன. ஆதலின் அவ்விரண்டில் எதனையும் அந்த அணுவின் குணமென்று சொல்லுதல் பொருந்தாது. அங்ஙனமாயின், ஒரு தனிமத்தின் தனித்தன்மையில் எந்தப் பகுதி அதன் அணுவில் தங்கியிருக்கிறது, எதனைக் கண்டு இது பொன்னணு, இது ஈயத்தின் அணு என்று பிரித்துச் சொல்கிறோம் என்னும் கேள்வி எழுகின்றது. இரசாயன சாஸ்திரம் இதற்கு விடையாக நூறாண்டுக்கு மேல் எடையைக் காட்டி வந்தது. பிறகு ஒரு சில ஆண்டுகளுக்குள் எடையை விட்டு எண்ணைக் காட்டியது. அந்த மாற்றம் நிகழ்ந்தவாறும், அதனால் நாம் பெற்றதும் இழந்ததும் இங்கே ஆராயப்படுகின்றன.

அணு என்ற கருத்து மிகப் பழையது. கிரேக்க நாட்டில் டெமாக்ரிட்டஸும், பாரத நாட்டில் கணாதரின் வைசேஷிக மரபினரும், ஒரு பொருளை மேன்மேலும் பிளந்துகொண்டே சென்றால் அப்பிளவு ஓரிடத்தில் நின்றே தீர வேண்டும் என்று தர்க்கத்தால் நிறுவ முயன்றார்கள். பரமாணு இரண்டு கூடித் துவியணுகம் ஆவதையும், துவியணுகம் மூன்று கூடித் திரியணுகம் ஆவதையும், பலகணி வழியே வீழும் வெயிற்கற்றையில் மிதக்கும் துகளே கண்ணுக்குப் புலனாகும் அந்தத் திரியணுகம் என்பதையும் வைசேஷிகர் விரித்துரைத்தனர். தமிழில் மணிமேகலையின் சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதையில், ஆசீவகவாதி நிலம், நீர், தீ, காற்று, உயிர் என்னும் ஐவகை அணுக்களைப் பற்றிப் பேசுகிறான். இவற்றைக் கொண்டு, மேல்நாட்டார் பிற்காலத்தில் கண்டவற்றையெல்லாம் நம் முன்னோர் அன்றே கண்டு முடித்துவிட்டனர் என்று பெருமை பேசுவோர் உளர். அப்பெருமையில் எனக்கு நாட்டமில்லை. அந்த அணுக்களை எடையிட்டு நோக்கவேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு எழவில்லை. எழுவதற்கு அவர்களுடைய கேள்வியில் இடமும் இல்லை. அவர்கள் தேடியது பிளவுக்கு ஒரு முடிவை. இரசாயனி தேடியதோ, ஒரு பொருள் மற்றொரு பொருளாகாமல் வேறுபட்டு நிற்பதற்குரிய காரணத்தை.

தனிமம் என்னும் கருத்து வேறொரு குடியில் பிறந்தது. 1661-இல் ராபர்ட் பாயில் பழைய பூதக் கொள்கையை ஐயுற்றுத் தம் நூலை வெளியிட்டார். 1789-இல் பிரான்சு நாட்டு லவாய்சியர், எந்த உபாயத்தாலும் மேலும் பகுக்க இயலாத பொருளை, அது பகுபடும் காலம் வரும் வரையில், தனிமமாகக் கொள்வோம் என்று மிக்க எச்சரிக்கையோடு ஒரு விதி செய்தார். அவர் தந்த அட்டவணையில் 33 தனிமங்கள் இருந்தன. ஒளியும் வெப்பமும்கூட அவற்றுள் இடம்பெற்றன. ஆய்வாளனின் தோல்வியை அளவுகோலாகக் கொண்ட இலக்கணம் இது. தனிமம் இன்னது என்று அது சொல்லாது. இன்னும் பிளக்கப்படாதது என்று மட்டுமே சொல்லும். அணுக்களைப் பற்றிய வாதமோ முடிவு காண இயலாத வெறும் தத்துவ விசாரம் என்பது லவாய்சியரின் அபிப்பிராயம். ஆகவே பதினெட்டாம் நூற்றாண்டு முடிவெய்தும் தறுவாயில் அணு ஒரு புறமும் தனிமம் ஒரு புறமுமாக, ஒன்றையொன்று அறியாமல் நின்றன. இரண்டையும் ஒன்று சேர்த்து வைத்தவர் ஜான் டால்ட்டன்.

இங்கிலாந்தின் கம்பர்லாந்துப் பகுதியில் ஒரு நெசவாளியின் மகனாக 1766-இல் பிறந்து, மான்செஸ்டர் நகரில் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பித்து எளிய வாழ்க்கை நடத்திய டால்ட்டன், 1787 முதல் 1844-இல் இறக்கும் வரையில் வானிலைக் குறிப்பு எழுதுவதை நிறுத்தாதவர். இரசாயனத்துக்கு அவர் வந்த வழியே அந்த வானிலைதான். காற்றில் கலந்துள்ள ஆக்ஸிஜன், நைட்ரஜன், நீராவி முதலியவை ஒன்றைவிட ஒன்று கனமானவையாயிருந்தும், கனத்த வாயு கீழும் இலேசான வாயு மேலுமாக அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்காதது ஏன் என்னும் வினா அவரைப் பல ஆண்டுகள் வருத்தியது. அதற்கு விடை தேடுகையில் ஒவ்வொரு வாயுவின் துகளுக்கும் தனித்தனிப் பருமனும் எடையும் கற்பித்துப் பார்க்க நேர்ந்தது. வாயுக்கள் நீரில் கரையும் அளவு அவற்றின் துகள்களுடைய எடையைப் பொறுத்தது என்றும் அவர் கருதினார். 1803 அக்டோபர் 21-ஆம் நாள் மான்செஸ்டர் சங்கத்தில் அவர் படித்த கட்டுரையின் பொருள் இதுவே. பின்னர் அச்சேறிய அக்கட்டுரையின் முடிவில், ஏதோ போகிறபோக்கில் சேர்த்தாற்போல, பொருள்களின் மிகச் சிறிய துகள்களுடைய ஒப்பு எடைகள் என்று ஒரு சிறு பட்டியல் காணப்படுகிறது. உலகில் தோன்றிய முதல் அணு எடை அட்டவணை அதுதான்.

அந்தச் சிறு பட்டியலின் பின்னே நின்ற கருத்தோ பெரிது. ஒரு தனிமத்தின் அணுக்களெல்லாம் எடையில் ஒத்தவை. வெவ்வேறு தனிமங்களின் அணுக்கள் எடையில் வேறுபட்டவை. அவை ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு என்னும் சிறு முழு எண்களில் கூடிச் சேர்மங்களை ஆக்குகின்றன என்று அவர் கொண்டார். மூன்று பங்கு எடையுள்ள கார்பனோடு நான்கு பங்கு ஆக்ஸிஜன் கூடினால் நச்சுத்தன்மை வாய்ந்த ஒரு வாயு கிடைக்கிறது. எட்டுப் பங்கு கூடினால் நாம் வெளிவிடும் மூச்சிலுள்ள வாயு கிடைக்கிறது. இடையில் ஐந்து பங்கோ ஆறு பங்கோ கூடி ஒரு புதுச் சேர்மமாக நிற்பதில்லை. அணு ஒன்று, அணு இரண்டு என்று எண்ணத்தக்க துண்டங்களாலேயே பொருள் ஆகியிருக்கிறது என்று கொண்டாலன்றி இந்தப் பாய்ச்சலுக்கு நியாயம் கூற முடியாது. தராசின் தட்டில் ஏறும் அளவுகளைக் கொண்டு, ஒருபோதும் தட்டில் ஏறாத ஒன்றின் எடையை அனுமானிக்கலாம் என்று துணிந்தமையே டால்ட்டனின் தனிச் சிறப்பு என்பேன்.

எனினும் அந்த அனுமானத்தில் ஒரு பொத்தல் இருந்தது. நீரில் ஹைட்ரஜனின் எடை ஒன்றென்றால் ஆக்ஸிஜனின் எடை எட்டு என்று தராசு சொல்லும். ஆனால் எத்தனை ஹைட்ரஜன் அணு எத்தனை ஆக்ஸிஜன் அணுவோடு கூடிற்று என்பதைத் தராசு சொல்லாது. வேறு சான்று இல்லாதவிடத்து ஒன்றோடு ஒன்று என்றே கொள்வோம் என்று டால்ட்டன் முடிவு செய்தார். அக்காலத்து அளவீட்டின் குறையும் உடன் சேர, 1808-இல் வெளிவந்த அவருடைய பெருநூலில் ஆக்ஸிஜனின் எடை 7 என்று நின்றது. அதே ஆண்டில், வாயுக்கள் எளிய கன அளவு விகிதங்களில் கூடுகின்றன என்று கே-லுஸாக் காட்டினார். 1811-இல் இத்தாலி நாட்டு அவகாட்ரோ, சம கன அளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையுள்ள மூலக்கூறுகள் உள்ளன என்று கூறிப் பொத்தலை அடைக்க வழி காட்டினார். டால்ட்டன் அவ்வழியை ஏற்கவில்லை. ஒரே இனத்து அணுக்கள் இரண்டு தம்முள் இணைந்து நிற்கும் என்பதை அவரால் ஒப்ப முடியவில்லை. ஸ்வீடன் நாட்டு பெர்ஸீலியஸ் ஆயிரக்கணக்கான சேர்மங்களைப் பகுத்தாய்ந்து மிக நுட்பமான எடைகளைத் தந்தும், மூலப் பொத்தல் மூடப்படாமையால் குழப்பம் வளர்ந்ததேயன்றித் தணியவில்லை. 1861-இல் கெகுலே தம் பாடநூலில், வினிகரின் அமிலம் ஒன்றுக்கே அன்று வழக்கிலிருந்த 19 வாய்பாடுகளை வரிசையாக எழுதிக் காட்டினார். பிரெஞ்சு இரசாயனி டூமா, தமக்கு அதிகாரமிருந்தால் அணு என்ற பேச்சையே சாஸ்திரத்திலிருந்து நீக்கிவிடுவேன் என்னும் கருத்துப்பட 1836-இல் சொற்பொழிவாற்றினார். இவரை முற்போக்கின் விரோதி என்று வரலாற்று ஆசிரியர்கள் சிலர் இகழ்வதுண்டு. அது நியாயமன்று, ஒரே அணுவுக்கு மூன்று பேர் மூன்று எடை சொல்லும்போது, அந்த அணுவை நம்ப மறுப்பவனே நேர்மையான பரிசோதகன்.

குழப்பம் தீர்ந்த இடம் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரம். 1860 செப்டம்பர் 3 முதல் 5 வரை நூற்றுக்கும் மேற்பட்ட இரசாயனிகள் ஐரோப்பா முழுவதிலிருந்தும் அங்கே கூடி விவாதித்து, ஒரு முடிவுக்கும் வராமலே கலைந்தார்கள். சாஸ்திர விஷயத்தை வாக்கெடுத்துத் தீர்மானிக்க முடியாது என்ற அளவில் மட்டுமே அனைவரும் ஒத்துப்போயினர். ஆனால் அவர்கள் புறப்படும் சமயத்தில், கன்னிஸாரோ என்னும் சிசிலித் தீவினர் இரண்டாண்டுக்கு முன் எழுதியிருந்த ஒரு சிறு பிரசுரம் அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது. தம் நாட்டவரான அவகாட்ரோவின் மறந்துபோன கருத்தை அவர் அதில் மீட்டு எடுத்திருந்தார். கார்பன் கலந்த பல சேர்மங்களின் ஆவியைச் சம கன அளவில் எடுத்து, ஒவ்வொன்றிலும் கார்பனின் எடை எவ்வளவு என்று பாருங்கள். அது 12-ஆகவோ, 24-ஆகவோ, 36-ஆகவோ இருக்குமேயன்றி ஒருபோதும் 12-க்குக் குறையாது. ஆகவே கார்பன் அணுவின் எடை 12 என்பது அவருடைய வாதத்தின் சாரம். எத்தனை எளிய வாதம்! அதைப் படித்தவர்களுள் லோதர் மேயர், தம் கண்ணை மறைத்திருந்த படலம் விழுந்துவிட்டதாகப் பின்னாளில் எழுதினார். கூட்டத்தில் இருந்த மற்றொருவர் ருஷ்ய நாட்டு இளைஞர், வயது 26, பெயர் மெண்டலீயெவ்.

அணு எடைகள் ஒரு நெறிப்பட்ட பிறகுதான் அவற்றை வரிசையாக நிறுத்திப் பார்க்க முடிந்தது. 1869-இல் மெண்டலீயெவ் அன்று அறியப்பட்ட 63 தனிமங்களை எடையின் ஏறுமுகத்தில் அடுக்கி, குணங்கள் தவணை முறையில் மீண்டும் மீண்டும் வருவதைக் கண்டார்; இடையில் இடம் காலியாக இருந்த இடத்தில், இங்கே இன்ன குணமுடைய தனிமம் ஒன்று இருந்தாக வேண்டும் என்று எழுதினார். 1875-இல் பிரான்சில் லெகோக் த பாய்ஸ்போத்ரான் காலியம் என்னும் உலோகத்தைக் கண்டு, அதன் ஒப்படர்த்தி 4.7 என்று அறிவித்தபோது, அந்த உலோகத்தைக் கண்ணாலும் காணாத மெண்டலீயெவ், அது 5.9-ஐ ஒட்டி இருக்க வேண்டும், உங்கள் மாதிரி தூய்மையற்றது என்று பீட்டர்ஸ்பர்கிலிருந்து தெரிவித்தார். மறுபடி தூய்மை செய்து அளந்ததில் 5.9 என்றே வந்தது. பின்னர் ஸ்காண்டியமும் (1879) ஜெர்மானியமும் (1886) அவர் சொன்ன இடங்களில் வந்து அமர்ந்தன. எடையே தனிமத்தின் உயிர்நிலை என்னும் கொள்கை இதற்குமேல் எந்த வெற்றியைக் கோர முடியும்?

ஆயினும் அந்த வெற்றியிலேயே அதன் மறுப்பும் ஒளிந்திருந்தது. டெலூரியத்தின் அணு எடை 127.6, அயோடினின் எடை 126.9. எடை வரிசைப்படி அயோடின் முன்னும் டெலூரியம் பின்னும் நிற்க வேண்டும். ஆனால் குளோரின், புரோமின் ஆகியவற்றின் கீழே நிற்பதற்குரியது அயோடினே என்பதைக் குணங்கள் ஐயமற அறிவித்தன. மெண்டலீயெவ் குணத்தின் பக்கம் நின்று இரண்டையும் இடம் மாற்றினார்; டெலூரியத்தின் எடையை அளந்தவர்கள் பிழை செய்திருக்க வேண்டும் என்றும் கூறினார். பிழை இல்லை. கோபால்ட்டும் நிக்கலும் அவ்வாறே முரண்டு பிடித்தன. 1894-இல் கண்டறியப்பட்ட ஆர்கானும் பொட்டாசியத்தைவிடக் கனமாயிருந்துகொண்டே அதற்கு முன் நிற்க வேண்டியதாயிற்று. இன்னொரு புறத்தில், தனிமங்களின் எடைகள் யாவும் ஹைட்ரஜனின் எடையின் முழு மடங்குகளே, ஆதலின் எல்லாத் தனிமங்களும் ஹைட்ரஜனால் ஆனவையே என்று 1815-இல் ப்ரௌட் என்னும் ஆங்கில மருத்துவர் பெயரிடாமல் வெளியிட்ட கருத்து, குளோரினின் எடையாகிய 35.46 என்னும் பின்னத்தில் முட்டி நின்றது. பிரஸ்ஸல்ஸ் நகரத்து ஸ்டாஸ் வாழ்நாளெல்லாம் செலவிட்டு நுட்பமாக அளந்து, ப்ரௌட்டின் கொள்கை வெறும் மனக்கற்பனை என்று தீர்ப்பளித்தார். பல எடைகள் முழு எண்ணை ஒட்டியே நிற்பானேன் என்ற சந்தேகத்துக்கு அந்தத் தீர்ப்பில் சமாதானம் இல்லை.

இந்த எடைகளைச் சுமந்து நிற்கும் அணு உண்மையில் உளதா என்ற கேள்விக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் வரை ஒருமித்த விடை இல்லை என்பதையும் இடையே சொல்லிவிட வேண்டும். ஆஸ்ட்வால்ட் போன்ற பேரறிஞர்கள் அணுவைக் கணக்குக்கு உதவும் கற்பனையாகவே கருதினர்; வியன்னாவின் எர்ன்ஸ்ட் மாக் பிரத்தியட்சமாகாத எதையும் ஒப்பவில்லை. 1905-இல் ஐன்ஸ்டைன் நீரில் மிதக்கும் நுண்துகளின் ஓயாத நடுக்கத்துக்கு மூலக்கூறுகளின் மோதலே காரணம் என்று கணித்துக் காட்ட, பாரிஸில் பெரின் மஞ்சள் மரப்பிசினின் நுண்ணிய உருண்டைகளை உருப்பெருக்கியின் கீழ் எண்ணி எண்ணி அக்கணக்கை மெய்ப்பித்தார். 12 கிராம் கார்பனில் எத்தனை அணு என்ற கேள்விக்கு, 6-ஐ அடுத்து 23 பூஜ்யங்கள் என்னும் அளவில், ஒன்றோடொன்று தொடர்பற்ற பல வழிகளில் ஒரே விடை வந்தது. 1909-இல் ஆஸ்ட்வால்ட் தம் மறுப்பை வெளிப்படையாகக் கைவிட்டார்.

வியப்பு என்னவென்றால், அணு உண்டு என்று நிச்சயமான அதே பத்தாண்டில் அது பிளக்க முடியாதது அன்று என்பதும் நிச்சயமாயிற்று. 1897-இல் ஜே. ஜே. தாம்ஸன் எலெக்ட்ரானைக் கண்டிருந்தார். 1909-இல் மான்செஸ்டரில், ரூதர்ஃபோர்டின் சொற்படி கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகட்டின் மீது ஆல்ஃபாத் துகள்களை எறிந்து பார்த்ததில், ஏறக்குறைய எண்ணாயிரத்தில் ஒன்று வந்த பக்கமே திரும்பியது. அணுவின் எடை முழுதும், அதன் விட்டத்தில் பதினாயிரத்தில் ஒரு பங்கும் தேறாத ஓர் உட்கருவில் ஒடுங்கியிருக்கிறது என்று 1911-இல் ரூதர்ஃபோர்டு முடிவு கட்டினார். அந்த உட்கருவின் மின்னூட்டம் எவ்வளவு? தவணை அட்டவணையில் ஒரு தனிமம் எத்தனையாவது இடத்தில் நிற்கிறதோ அத்தனை என்று 1913-இல் விடை சொன்னவர் பௌதிகப் பேராசிரியர் அல்லர். வான் டென் புரூக் என்ற டச்சு வழக்கறிஞர். அதுவரை வீட்டு இலக்கம் போல வெறும் அடையாளமாயிருந்த வரிசை எண், இயற்கையின் ஓர் அளவாக மாறியது.

இதனைப் பரிசோதனையால் நிலைநாட்டியவர் மோஸ்லி. வெற்றிடக் குழாய்க்குள் ஒரு சிறு வண்டியின்மேல் உலோக மாதிரிகளை வரிசையாக வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக எலெக்ட்ரான் கற்றையின் முன் இழுத்து நிறுத்தி, ஒவ்வொன்றும் உமிழும் எக்ஸ் கதிரின் அதிர்வெண்ணை அவர் அளந்தார். அதிர்வெண்ணின் வர்க்கமூலம், ஒரு தனிமத்திலிருந்து அடுத்த தனிமத்துக்குச் செல்லும்போது ஒரே அளவான படியாக ஏறியது. எடையோ ஒழுங்கின்றிச் சில இடத்தில் ஏறியும் சில இடத்தில் இறங்கியும் செல்வது. இந்தப் படியோ எங்கும் பிசகவில்லை. எடையில் முரண்டு பிடித்த கோபால்ட்டும் நிக்கலும் இங்கே 27, 28 என்று ஒழுங்காக நின்றன. 43, 61, 75 ஆகிய இடங்கள் காலி என்பதும் புலனாயிற்று. அரிய மண் உலோகங்களைப் பல்லாண்டு பாடுபட்டுப் பிரித்தெடுத்த பாரிஸ் நகரத்து உர்பேன், 1914-இல் தம் மாதிரிகளோடு ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்து, 72-ஆம் தனிமம் தம்மிடம் இருப்பதாகச் சொல்லி ஒன்றைத் தந்தார். சில நாள்களில் மோஸ்லி அவற்றையெல்லாம் எண்ணி முடித்து, 72 அதில் இல்லை என்று சொல்லிவிட்டார். மறு ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் நாள், கலிப்போலிப் போர்முனையில் தம் 27-ஆம் வயதில் அவர் சுடப்பட்டு இறந்தார். முதல் உலக யுத்தம் விழுங்கிய உயிர்களுள் சாஸ்திரத்துக்கு இதனினும் பெரிய இழப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. 72-ஆம் தனிமமாகிய ஹாஃப்னியம் 1923-இல் கோப்பன்ஹேகனில், சிர்க்கோனியத் தாதுவினுள் கண்டறியப்பட்டது.

எண்ணே தனிமத்தை நிர்ணயிப்பது என்றால், எடை வேறுபட்டும் எண் ஒன்றாகவே உள்ள அணுக்கள் இருக்கலாம் அன்றோ? உண்டு என்பதை 1913-இல் சாடி கூறியிருந்தார்; அவற்றுக்கு ஐசோடோப்புகள் என்று பெயராயிற்று. ரூதர்ஃபோர்டின் வேண்டுகோளால் ஈயத்திலிருந்து ரேடியம் டி என்னும் கதிரியக்கப் பொருளைப் பிரிக்க முயன்ற ஹெவெசி, எந்த இரசாயன உபாயத்தாலும் பிரிக்க முடியாமல் சலித்துப் போனார். பிரிக்க முடியாததன் காரணம், அதுவும் ஈயமே என்பது. ஆனால் எல்லோரையும் திருப்தி செய்த சான்று நம் அண்டையிலிருந்தே சென்றது என்பது தமிழர்க்கு ஆர்வமூட்டும் செய்தி. யுரேனியம் சிதைந்து முடிவில் ஈயமாகிறது. தோரியமும் சிதைந்து ஈயமே ஆகிறது. சாடியின் கணக்குப்படி தோரியத்தின் ஈயம் கனமாயும் யுரேனியத்தின் ஈயம் இலேசாயும் இருக்க வேண்டும். தோரியம் மிகுந்தும் யுரேனியம் குறைந்தும் உள்ள தாது வேண்டியிருந்தது. அது இலங்கையில் கிடைத்த தோரைட். இலங்கையின் கனிம ஆய்வுக்கு அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைமை தாங்கியவர், பிற்காலத்தில் கலைத் தத்துவத்தில் உலகப் புகழ் எய்திய ஆனந்த குமாரசாமி என்பதும் நினைவுகூரத்தக்கது. இலங்கைத் தோரைட்டிலிருந்து பிரித்த ஈயத்தின் அணு எடை 207.7-க்கு மேல் நின்றது. சாதாரண ஈயத்துக்கு 207.2, யுரேனியத் தாதுவின் ஈயமோ, அமெரிக்காவில் ரிச்சர்ட்ஸ் முதலியோர் அளந்தபடி, 206-ஐ ஒட்டியிருந்தது. அன்றியும், இலங்கை ஈயத்தின் அடர்த்தி சாதாரண ஈயத்தினும் நூற்றுக்கு 0.26 பங்கு அதிகமாயிருந்தது. எடையின் வேற்றுமையும் அதே விகிதமே. கனம் கூடியும் அந்த அணு கொள்ளும் இடம் கூடவில்லை என்பது இதன் பொருள். மூன்று ஈயமும் ஒரே நிறம், ஒரே உப்பு, ஒரே நிறமாலை. எடை மட்டுமே வேறு.

நம் சித்தாந்த நூலோர் இலக்கணத்தைத் தடத்தம் என்றும் சொரூபம் என்றும் இரண்டாகப் பிரிப்பர். தேவதத்தன் வீடு யாது என்று கேட்டவனுக்கு, அதோ காக்கை உட்கார்ந்திருக்கும் வீடு என்று காட்டுவது தடத்த இலக்கணம். வீட்டைக் காட்ட அது போதும், ஆனால் காக்கை வீட்டின் உறுப்பன்று. அணு எடை இத்தகைய தடத்த இலக்கணமே. டால்ட்டன் முதல் மெண்டலீயெவ் வரை அதனைக் கொண்டு ஒவ்வொரு தனிமத்தின் வீட்டையும் சரியாகக் கண்டுபிடித்தார்கள்; டெலூரியத்திலும் ஆர்கானிலும் மட்டும் காக்கை சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தது. உட்கருவின் மின்னூட்ட எண்ணே சொரூப இலக்கணம். 1923-இல் பன்னாட்டுக் குழு தனிமத்தை அணு எண்ணால் வரையறுத்தபோது நூறாண்டுக் கணக்கு ஒருவாறு முடிந்தது. இதற்கிடையே 1919-இல் கேம்பிரிட்ஜில் ஆஸ்டன், குளோரினின் அணுக்களைக் காந்தப் புலத்தாலும் மின் புலத்தாலும் பிரித்து, அவை 35, 37 என்னும் இரு எடையுடையன என்றும், ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்றாகக் கலந்திருப்பதாலேயே 35.46 என்னும் பின்னம் வருகிறது என்றும் காட்டினார். ஸ்டாஸ் அத்தனை நுட்பமாக அளந்தது ஒரு கலவையின் சராசரியை! புதைக்கப்பட்ட ப்ரௌட் பாதி உயிர்த்தெழுந்தார். ஐசோடோப்புகளின் கலப்பு இடத்துக்கு இடம் மாறுவது தெளிவானமையால், இன்று ஹைட்ரஜனின் அணு எடையை 1.00784 முதல் 1.00811 வரை என்று ஒரு வீச்சாகவே பன்னாட்டு அட்டவணை தருகிறது.

எடை உட்கருவுக்கு உரியதாயிருக்க, குணம் எண்ணைப் பின்பற்றுவது ஏன் என்பதற்கு விடை எலெக்ட்ரான்களிடம் உள்ளது. உட்கருவில் எத்தனை புரோட்டானோ, அதனைச் சூழ்ந்து அத்தனை எலெக்ட்ரான். 1925-இல் பௌலி கண்ட விதிப்படி அவை 2, 8, 8, 18, 18, 32 என்ற அளவில் வரிசைகளை நிரப்புகின்றன. வெளி வரிசையின் அமைப்பே ஓர் அணு மற்றோர் அணுவோடு கூடும் முறையைத் தீர்மானிக்கிறது. 1932-இல் சாட்விக் கண்ட நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. அது எடையைக் கூட்டுமேயன்றி எண்ணைத் தொடாது. ஆயினும், எடைக்குக் குணத்தில் சிறிதும் பங்கில்லை என்று சாதிப்பது மிகை. 1931-இல் யூரி கண்ட கன ஹைட்ரஜன், எண்ணில் ஒன்றாகவே இருந்தும் எடையில் இருமடங்கு. அதனாலான கனநீர் 3.8 பாகையிலேயே உறைகிறது. சாடி அதனைத் தாம் வகுத்த ஐசோடோப்பு என்று ஏற்க மறுத்தார். பிரிக்க முடியாதது என்பதே அவர் வகுத்த இலக்கணமாயிற்றே. ஹைட்ரஜனில் வேற்றுமை நூற்றுக்கு நூறு. ஈயத்திலோ நூற்றில் ஒன்றிரண்டு. ஆகவே எண் ஆள்கிறது, எடை அவ்வப்போது குறுக்கிடுகிறது என்று சொல்வதே உண்மைக்கு நெருங்கியது.

இனி, தொடக்கத்தில் எடுத்த இலக்கணத்துக்கு வருவோம். உப்பில் குளோரின் உண்டு என்கிறோம். ஆனால் பச்சை மஞ்சள் நிறமும், மூச்சைத் திணறச் செய்யும் நெடியும் உப்பில் எங்கே? உப்பில் இருப்பது குளோரின் என்னும் வாயு அன்று. 17 புரோட்டான்களுடைய உட்கரு. தனிப்பொருள் வேறு, எல்லாச் சேர்மங்களிலும் அழியாது நிலைத்திருக்கும் தனிமம் வேறு என்று மெண்டலீயெவ் முன்பே பிரித்துக் காட்டியிருந்தார். ஐசோடோப்புகளால் தனிமங்களின் எண்ணிக்கையே சிதறிப்போகும் என்று சிலர் அஞ்சியபோது, பானெத் அந்தப் பிரிவைக் கொண்டுதான் தனிமத்தின் ஒருமையைக் காத்தார். எனவே அணு தனிமத்தின் குணங்களைக் கொண்டது என்பதைவிட, அக்குணங்கள் தோன்றுவதற்குரிய எண்ணைக் கொண்டது என்று பாடநூலில் எழுதினால் மாணவனுக்குப் பிற்காலத்தில் மறக்கவேண்டியது ஒன்று குறையும்.

எண்ணால் ஆன வரிசையை எண்ணால் நீட்டலாம். 1937-இல் பலெர்மோவில் சேக்ரேயும் பெரியேயும், சைக்ளோட்ரானில் அடிபட்ட மாலிப்டினத் தகட்டிலிருந்து 43-ஆம் தனிமமாகிய டெக்னீஷியத்தைப் பிரித்தனர்; மோஸ்லி காலியாக விட்ட இடங்களுள் ஒன்று அவ்வாறு மனிதன் கையால் நிரம்பிற்று. அதன் மிக நீண்ட அரை ஆயுளே சுமார் 42 இலட்சம் ஆண்டுதான். ஆயினும் 1952-இல் மெர்ரில் சில செம்விண்மீன்களின் ஒளியில் அதன் கோடுகளைக் கண்டபோது, தனிமங்கள் விண்மீன்களுக்குள்ளேயே இன்றும் சமைக்கப்படுகின்றன என்பதற்கு மறுக்கவொண்ணாத சாட்சி கிடைத்தது. நான்கு ஹைட்ரஜன் கூடி ஹீலியமாகையில் எடையில் நூற்றுக்கு 0.7 பங்கு குறைந்து சக்தியாக வெளிப்படுகிறது. கதிரவன் ஒளிர்வதும், ப்ரௌட்டின் கணக்கு முழு எண்ணாக நில்லாமல் சற்றே பிசகுவதும் ஒரே காரணத்தால்.

வரிசை இன்று 118-இல் நிற்கிறது. ருஷ்யாவின் டுப்னா நகரில் கலிஃபோர்னியத்தின் (98) மீது கால்சிய (20) அயனிகளை எறிந்து ஆக்கப்பட்ட ஒகனெஸ்ஸான், விரல்விட்டு எண்ணத்தக்க சில அணுக்கள் அளவிலேயே இதுவரை தோன்றி, ஆயிரத்திலொரு வினாடி செல்லுமுன் சிதைந்துவிட்டது. ஓர் உட்கரு எவ்வளவு நேரம் நிலைத்தால் அதனைத் தனிமம் என்று ஒப்பலாம் என்பதற்கும் பன்னாட்டு விதி உண்டு: ஒரு வினாடியை நூறு இலட்சம் கோடி கூறாக்கினால் அதில் ஒரு கூறு, அதாவது உட்கரு தன்னைச் சுற்றி எலெக்ட்ரான்களைச் சேர்த்துக்கொள்ளப் போதிய நேரம். ஒகனெஸ்ஸானை ஒரு சோதனைக் குழாயில் இட்டவர் இல்லை. அது எதனோடு கூடும், எதனோடு கூடாது என்று பார்த்தவரும் இல்லை. இரசாயனமே நிகழாத ஓர் இரசாயனத் தனிமத்தை எண் ஒன்றின் பலத்தால் அட்டவணையில் ஏற்றியிருக்கிறோம். அது நிற்கும் பத்தியில் மேலே உள்ள ஹீலியமும் நியானும் ஆர்கானும் எதனோடும் கூடுதல் அரிதான வாயுக்கள். ஆனால், உட்கருவின் பெருமின்னூட்டத்தால் எலெக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குவதைக் கணக்கிற் சேர்த்துப் பார்த்தவர்கள், ஒகனெஸ்ஸான் அறை வெப்பத்தில் திடப்பொருளாகவும், மற்றத் தனிமங்களோடு எளிதில் கூடுவதாகவும் இருக்கலாம் என்கிறார்கள். கணக்கு சரியானால், அந்த இடத்தில் எண் தன் பத்தியின் குணத்தையே மீறி நிற்கும். ஜப்பானின் ரிக்கென் ஆய்வுக்கூடத்தில் இப்போது கியூரியத்தின் (96) மீது வனேடிய (23) அயனிகளை எறிந்து, 119-க்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.